ஒற்றைக் கண்ணை மறைத்துப் பார்த்தவர்களின் கதை



சென்ற தவணை முடியும் தறுவாயில், தரம் 10 மாணவர் ஒருவர் இடது கண்ணில் கறுப்புத் துணி மறைப்பொன்றைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

"என்ன மகன், கண்ணுல அடி பட்டதா?" என்று கேட்டோம்.

"இல்ல சேர். ஃபோன்ல நோட்ஸ் பாக்கக்குள்ள கண் உளையுது. எழுத்தெல்லாம் ரெண்டா ஓடுது. ஒரு கண்ண மூடினா சுகமா இருக்கு. அதான் வாப்பா பார்மசில வாங்கித் தந்தாரு."

முதலில் இரவில் மட்டும் கட்டியிருக்கிறார். சுகமாக இருந்ததால் பகலிலும் கட்டத் தொடங்கியிருக்கிறார். இடைவேளைக்குள் வகுப்புப் பிள்ளைகள் அவருக்குத் "தஜ்ஜால்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை அன்றைக்கே நிறுத்தினோம். ஆனால் பிள்ளை சொன்ன விடயம் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு கண்ணை மூடினால் ஏன் சுகமாக இருக்க வேண்டும்? வேலை செய்வதற்கு இருக்கும் இரண்டில் ஒன்றைக் குறைத்தால் களைப்பு கூடத்தானே வேண்டும்?

நாம் வைத்தியரல்ல, வரலாறு படிப்பிப்பவர். ஆகவே எமக்குத் தெரிந்த வழியில், மனிதர் எப்போதிருந்து ஏன் ஒரு கண்ணை மறைத்து வந்தார்கள் என்று தேடிப் பார்த்தோம். அந்தத் தேடலைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் "சுகம்" பற்றி. இதற்கு ஆயிரம் வருடங்களுக்கு முன் போக வேண்டும்.

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து 1040 அளவில் வபாத்தான இப்னுல் ஹைதம் அவர்களை எமது பிள்ளைகளுக்குத் தெரியும். இருட்டறை, சிறு துவாரம், ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற அளவோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அவரது கிதாபுல் மனாழிரில் இரண்டு கண்கள் பற்றிய ஆராய்ச்சி ஒன்றும் இருக்கிறது. அது பரீட்சைக்கு வராததால் எவரும் கண்டுகொள்வதில்லை. ஒரு பலகையை எடுத்து, அதன் ஒரு முனையில் மூக்கு பொருந்தும்படி வெட்டி, பலகையில் கோடுகள் வரைந்து, கோடுகளின் மேல் நிறமூட்டிய சின்னச் சின்ன மெழுகுத் துண்டுகளை நிறுத்தினார். நடுவிலுள்ள துண்டை இரு கண்களாலும் உற்றுப் பார்க்கும்போது அது ஒன்றாகத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை இரண்டிரண்டாகத் தெரியும்.

பலகை தேவையில்லை, இப்போதே செய்து பாருங்கள். ஒரு சுட்டுவிரலை முகத்துக்குக் கிட்டவும் மற்றச் சுட்டுவிரலைக் கை எட்டும் தூரத்திலும் நேருக்கு நேராக நிறுத்துங்கள். தூரத்து விரலை உற்றுப் பார்த்தால் கிட்டவுள்ள விரல் இரண்டாகும். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். இரண்டு ஒன்றாகிவிடும்.

எதைப் பார்த்தாலும் இரு கண்களின் அச்சுகளும் அந்தப் பொருளில் வந்து சந்திக்க வேண்டும், இரண்டும் கூடித்தான் அசையும் என்று அவர் விளக்கினார். தூரத்துப் பொருளுக்கு இது இலேசு. கிட்டவுள்ள பொருளுக்கு இரு கண்களும் மூக்குப் பக்கமாக உள்ளே திரும்பி, அப்படியே நிற்க வேண்டும். இரு கண்மணிகளுக்கிடையே 6 சென்ரிமீற்றர் என்று வைத்து எமது கணித ஆசிரியரிடம் கணக்குக் கேட்டோம். 3 மீற்றர் தூரத்துக் கரும்பலகையைப் பார்க்க இரண்டு கண்களும் ஒன்றையொன்று நோக்கி ஒரு பாகையளவு சாய்ந்தால் போதும். 30 சென்ரிமீற்றரில் பிடித்த ஃபோனுக்கு ஏறக்குறைய 11 பாகை. அந்த நிலையில் இரண்டு மணித்தியாலம், மூன்று மணித்தியாலம்.

இந்தக் கூட்டு வேலை சிலருக்கு இயல்பாகவே கடினம். அப்படிப்பட்டவர் ஒரு கண்ணை மறைத்தால் கண்கள் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. எழுத்து இரண்டாக ஓடாது, சுகம் வந்துவிடும். எமது மாணவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுகம் மருந்தா? அங்கேதான் வரலாறு வேறு பக்கம் காட்டுகிறது.

கண்ணை மறைக்கும் வைத்தியம் கண் களைப்புக்காகப் பிறந்ததல்ல, மாறுகண்ணுக்காகப் பிறந்தது. ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிரேக்க வைத்தியர் பவுல், மாறுகண் உள்ள குழந்தைகளுக்கு முகமூடி ஒன்றைப் போடச் சொன்னார். நேரே பார்த்தால் மட்டும் வெளிச்சம் தெரியும்படி அதில் துவாரங்கள் இருக்கும். ஜேர்மனியில் கேயோர்க் பார்ட்டிஷ் 1583இல் வெளியிட்ட கண் வைத்திய நூலில் இவ்வகை முகமூடிகளின் படங்களே உள்ளன. பார்த்தால் பெரியவர்களுக்கே பயம் வரும். அதை அணிந்த குழந்தைகளை நினைத்துப் பாவப்பட்டோம்.

ஒரு கண்ணை மட்டும் மூடும் முறையை முதலில் சொன்னவராகப் பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் ஸாபித் இப்னு குர்ரா. பக்தாதில் கலீபாவின் அவையில் இருந்தவர், ஹிஜ்ரி 288இல் (901) இறந்தார். நல்ல கண்ணைக் கட்டிவிடு, அப்போது பார்வையின் சக்தியெல்லாம் கோணிய கண்ணுக்குப் போகும், அது சரியாகும் வரை நல்ல கண்ணை அவிழ்க்காதே என்பதே அவர் பெயரில் வழங்கும் கருத்தின் சாரம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எமது மீலாத் மேடைகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஸாபித்தை "முஸ்லிம் விஞ்ஞானி" என்று போடுகிறார்கள். அவர் முஸ்லிம் அல்லர், ஹர்ரான் நகரத்து ஸாபிஈன் சமூகத்தவர். இக்கருத்து வரும் நூல் அவர் எழுதியதுதானா என்பதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் எமக்குப் பெருமை குறைந்துவிடாது. முஸ்லிம்களின் தலைநகரில் ஒரு ஸாபிஈயும், கண் பற்றிப் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூலை எழுதிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவரும் இருந்து அரபியில் எழுதினார்கள் என்பதே பெரிய விடயம். பிள்ளைகளுக்கு உள்ளதைச் சொல்லிக் கொடுப்போம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஸாபித் பெயரில் உள்ள வைத்தியத்தில் கட்டப்படுவது எந்தக் கண்? நோயுள்ள கண்ணல்ல, நல்ல கண். மறைப்பது ஓய்வு கொடுப்பதற்காக அல்ல, திறந்திருக்கும் கண்ணை வேலை வாங்குவதற்காக.

பிரான்ஸின் இயற்கை அறிஞர் புஃபோன் 1743இல் பரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதிய கட்டுரையிலும் இதுவே வருகிறது. இரு கண்களின் வலு ஒன்றுபோல் இல்லாததே மாறுகண்ணுக்குக் காரணம், ஆகவே வலுவான கண்ணைச் சில காலம் மூடு என்றார். எண்ணூறு வருடங்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் பக்தாத் பெயரிலும் பரிஸிலும் ஒரே விடயம்.

கண் களைப்பின் வரலாறு வேறொரு பாதையில் வந்தது. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700இல் மொடேனாவில் தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எமக்கு மிகவும் பிடித்துப்போன மனிதர் இவர். அவரது வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்ய வந்த ஒருவர் அவசர அவசரமாக வேலை செய்வதைக் கண்டு ஏன் என்று கேட்டிருக்கிறார். இந்தக் குழிக்குள் நேரம் போனால் கண் எரிந்து பார்வையே போய்விடும் என்று அந்த மனிதர் சொன்னதிலிருந்துதான் நூலுக்கான எண்ணம் பிறந்தது. நோயாளியிடம் "உங்கள் தொழில் என்ன?" என்று வைத்தியர் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவரும் இவரே. நுண்ணிய வேலை செய்வோர் பற்றி அந்நூலில் தனியாக எழுதினார். கண்ணாடி மட்டும் போதாது, இடையிடையே வேலையிலிருந்து தலையை நிமிர்த்துங்கள், கண்ணை வேறு பக்கம் திருப்புங்கள், பலதையும் பாருங்கள் என்பது அவர் ஆலோசனை. இன்று 20 நிமிடத்துக்கொரு தடவை 20 அடி தூரத்திலுள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள் என்று எல்லோரும் பகிர்கிறோமே, அதன் கரு 300 வருடப் பழசு. கண்ணைக் கட்டச் சொல்லி ரமஸ்ஸினி எழுதவில்லை.

அடுத்த நூற்றாண்டில் தையல் வேலை, அச்சுக்கோப்பு, கணக்கெழுத்து எல்லாம் பெருகின. கண் உளைவோடு வந்த இளைஞர்களிடம் கிளாஸ்கோவின் பெயர்பெற்ற கண் வைத்தியர் வில்லியம் மெக்கன்ஸி என்ன சொன்னார் தெரியுமா? தொழிலை மாற்றுங்கள் என்றார். 1843இல் இது பற்றிக் கட்டுரையே எழுதினார். இளம் வயதினருக்குக் குவிவு வில்லைக் கண்ணாடி கொடுத்தால் கண் கெட்டுவிடும் என்ற பயம் அக்கால வைத்தியர்களிடம் இருந்தது. ஊசி பிடித்துச் சம்பாதிக்கும் ஒரு பெண் பிள்ளையிடம் போய்த் தொழிலை விடு என்றால் அந்த வீட்டில் என்ன எரியும்?

ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துப் பேராசிரியர் டொண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலில் அந்தப் பயத்தை உடைத்தார். இவர்களில் கணிசமானோருக்குத் தூரப்பார்வைக் குறைபாடு உள்ளது, தூரத்தைப் பார்க்கும்போதே அவர்களது கண் தசை வேலை செய்துகொண்டிருக்கிறது, கிட்டப் பார்க்கும்போது தாங்க முடியாமல் போகிறது, குவிவு வில்லைக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்று காட்டினார். தொழிலை விட வேண்டியிருந்தவர்கள் ஒரு கண்ணாடியோடு திரும்பி வேலைக்குப் போனார்கள். அதே காலத்தில் பேர்லினின் அல்பிரெக்ட் வான் கிரேஃப இன்னொரு வகையைப் பிரித்தறிந்தார். கண்களை உள்ளே திருப்பும் தசைகள் ஈடுகொடுக்காததால் வரும் களைப்பு அது. எமது மாணவரின் கதை இந்த இரண்டாவதற்குக் கிட்ட வருகிறது என்று வாசிக்கும்போதே பட்டது. இத்தகையவருக்கு ஒரு கண்ணை மூடினால் சுகம் வருவது வைத்தியர்களுக்கு ஓர் அடையாளம். அந்த அடையாளத்தைப் பார்மசி மறைப்புக்குள் ஒளித்துவிட்டால் வைத்தியருக்கு யார் சொல்வது?

பிறகு எமில் ஜவால். 1839இல் பரிஸில் பிறந்தவர், முதலில் சுரங்கப் பொறியியலாளர். தகப்பனுக்கும் சகோதரிக்கும் மாறுகண். அதனாலேயே பொறியியலை விட்டு வைத்தியம் படித்தார். ஒரு கண்ணை மூடிப் பலவீனமான கண்ணை உழைக்க வைப்பதோடு அவர் நிற்கவில்லை. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவியைக் கொண்டு, இரண்டையும் சேர்ந்து பார்க்கப் பழக்கினார். மறைப்பு முதல் படி, அதை அகற்றிய பின் சேர்த்துப் பழக்குவதே வைத்தியம் என்பது அவரது வழி. வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை, தத்தித் தத்திச் செல்கிறது என்பதும் 1870களின் இறுதியில் அவரது ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. அப்படிப்பட்ட மனிதருக்கு குளுக்கோமா வந்து 1900 அளவில் பார்வை முற்றாகப் போனது. அதன் பின்னும் இருந்து, வயது வந்தபின் பார்வையிழந்தவர்கள் எப்படி வாழ்வது என்று 1903இல் ஒரு நூல் எழுதினார். 1907இல் இறந்தார்.

நீண்ட நேரம் கண்ணை மறைப்பதில் என்ன ஆபத்து என்பதற்கு விடை 1960களில் அமெரிக்காவில் கிடைத்தது. ஹியூபெல், வீசெல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் மூளையில் பார்வைக்குரிய கலங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கண்ணுக்குப் பதில் தரவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது அப்படி ஆகவில்லை. (பூனைகளுக்குச் செய்ததை நினைத்தால் எமக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.) 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வளரும் வயதில் மூடிய கண் ஓய்வெடுப்பதில்லை, மூளையில் தன் இடத்தை இழக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வைத்தியர் மறைப்புக் கொடுத்தாலும், எந்தக் கண்ணுக்கு, எத்தனை மணித்தியாலம் என்று எழுதி, இடையில் கூப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான். 7 வயதுக்குக் குறைந்த, மிதமான சோம்பற் கண் உள்ள பிள்ளைகளில் நாளுக்கு 2 மணித்தியாலம் மறைத்தாலும் 6 மணித்தியாலம் மறைத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2003இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அந்த வைத்தியர்களே அளவு குறைத்துக் கொடுக்கும்போது நாம் கணக்கில்லாமல் கட்டுகிறோம். பதினைந்து வயதில் ஆபத்து சின்ன வயது அளவுக்கு இல்லை என்றாலும், வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகள் அதை எடுத்துக் கட்டி விளையாடுவார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

மூடிய கண்ணுக்கே பயன் தரும் மறைப்பும் ஒன்று உண்டு, அது இருட்டோடு சம்பந்தப்பட்டது. கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும், வெளிச்சம் பட்டால் நொடியில் போய்விடும். ஆகவே வானம் பார்ப்பவர்கள் தொலைகாட்டிக் கண்ணை மறைத்துப் பாதுகாப்பார்கள். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகளும் ஒரு கண்ணை மறைத்தார்கள், அணுகுண்டின் ஒளி ஒரு கண்ணைக் கெடுத்தாலும் மற்றது மிஞ்சட்டும் என்று. கடற்கொள்ளையரும் இதற்காகத்தான் கட்டினார்கள் என்ற கதைக்கு அக்கால எழுத்துச் சான்று இல்லை, விட்டுவிடுவோம்.

எமது ஊர்ப் பக்கமும் ஓர் ஆதாரம் இருக்கிறது. பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் பார்ப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பத்து மடங்கு பெருக்கும் சின்ன வில்லையை ஒரு கண்ணோடு ஒட்டிப் பிடிப்பார்கள். தொழில் பழகியவர் மற்றக் கண்ணை மூடமாட்டார், திறந்தபடியே வைத்திருப்பார். இறுக்கி மூடினால் முகத் தசை உளைந்து, மூடாத கண்ணும் களைத்துவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒற்றைக்குழல் நுணுக்குக்காட்டி பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கணினித் திரை வேலைத்தலங்களுக்குப் பரவிய 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பெரிய பயம் கிளம்பியது. திரையால் கண்ணில் பூ விழுமா, கதிர்வீச்சா என்றெல்லாம் கேட்டார்கள். அந்நாட்டின் தேசிய ஆய்வுச் சபை 1983இல் அறிக்கை வெளியிட்டது. திரை கண்ணைப் பழுதாக்குகிறது என்பதற்குச் சான்றில்லை, உளைவு உண்மை, ஆனால் அதன் காரணங்கள் வெளிச்சம், இருக்கை, வேலையின் அமைப்பு போன்றவை என்பது அதன் முடிவு. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழாகக் குறைந்து கண் காய்ந்துவிடுவதும் ஒரு காரணம். மறைப்பு இதற்கு எதுவும் செய்யாது. மூடாத கண் அதே தூரத்தில், அதே காய்ச்சலோடு, இப்போது தனியாக வேலை செய்யும்.

ஒரு கண்ணை மூடினால்தான் வாசிக்க முடிகிறது என்ற பிள்ளைக்கு என்ன செய்வது என்பதும் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. கண்கள் உட்திரும்பும் வலு குறைந்த 9 முதல் 17 வயது வரையான 221 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. 12 வாரம் கிளினிக்குக்கு வந்து பயிற்சி எடுத்து வீட்டிலும் செய்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டியோர் முன்னேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்க்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது பாதிக்கும் குறைவு. ஜவால் சொன்ன சேர்த்துப் பழக்கும் வழிதான் இது.

மாணவரின் வாப்பாவைப் பாடசாலைக்கு அழைத்துப் பேசினோம். கடையில் நிற்பவர், ஒரு நாள் லீவு எடுத்தால் ஒரு நாள் சம்பளம் போகும். "சேர், நூறு இருநூறு ரூபாய்க்கு முடிஞ்ச விசயம் எண்டு நெனச்சன்," என்றார். அவரைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பிள்ளை சுகம் என்கிறான், தகப்பன் வாங்கிக் கொடுக்கிறார். "எழுத்து ரெண்டாத் தெரியுது எண்டத மறக்காம டொக்டருக்குச் சொல்லுங்க," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம். திடீரென்று இரண்டாகத் தெரிந்தால் அது வேறு விடயம், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் பார்த்தார்கள். கண்கள் உட்திரும்பும் வலு குறைவு, கூடவே சிறிது தூரப்பார்வைக் குறைபாடு. கண்ணாடி எழுதிக் கொடுத்து, பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மறைப்பு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஃபோனில் இருந்த குறிப்புகளை எமது ஆசிரியர் ஒருவர் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். பெயர் வைத்த கூட்டத்தில் முன்னால் நின்றவர்தான் இப்போது பக்கத்தில் இருந்து அவருக்கு வாசித்துக் காட்டுகிறார்.

அந்தக் கறுப்பு மறைப்பு எமது மேசை லாச்சியில் கிடக்கிறது. மாணவருக்கு அடுத்த கிளினிக் வரும் செவ்வாய்க்கிழமை. பென்சில் பயிற்சியில் பென்சில் மூக்குக்கு நான்கு விரல் தூரம் வரும் வரைக்கும் ஒன்றாகவே தெரிகிறதாம், நேற்று வந்து சொன்னார்.